ஐசியு நர்ஸ்களின் மனவலிமை: ஒரு நாள் வகுப்பில் வருமா, வார்டு நடக்கும் விதத்தில் வருமா?

ஐசியு_இன்சார்ஜ்

எல்லாருக்கும் வணக்கம். பெரியவர்களுக்கான ஐசியு ஒன்றில் இன்சார்ஜாக இருக்கிறேன். நர்ஸ்களுக்கு மனவலிமைப் பயிற்சி என்று ஒரு நாள் வகுப்பு நடத்த எங்கள் நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அதில் என்னென்ன சேர்க்கலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் வார்டில் நான் தினமும் பார்ப்பது அந்த ஒரு நாளுக்குள் அடங்கும் என்று தோன்றவில்லை.

மரணம் மட்டுமே எங்கள் நர்ஸ் பிள்ளைகளை உடைத்துப் போடுவதில்லை. வலியில்லாமல், குடும்பம் பக்கத்தில் இருக்க ஒருவர் போய்ச் சேர்ந்தால் அன்றைக்கு அழுவார்கள், மறுநாள் டியூட்டிக்கு வந்துவிடுவார்கள். பிழைக்க வழியில்லை என்று வார்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒருவருக்கு வாரக்கணக்கில் வென்டிலேட்டரும் டயாலிசிஸும் ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான் அவர்கள் முகம் மாறுகிறது. தொண்டைக்குழாயில் சளியை உறிஞ்சி எடுக்க சக்ஷன் போடும்போது அந்த நோயாளி முகத்தைச் சுளிப்பதை, ரவுண்ட்ஸ் முடித்துப் போகிற டாக்டர் பார்ப்பதில்லை. ஷிஃப்ட் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர் நர்ஸ். வெளியே நிற்கும் மகளிடம் காலையில் ஒருவர் ஒன்று சொல்லியிருப்பார், மாலையில் இன்னொருவர் வேறொன்று சொல்லியிருப்பார். அந்த மகள் கடைசியில் வந்து கேட்பதும் நர்ஸிடம்தான்.

நன்றாக வேலை செய்கிற இரண்டு பேர் வேறு வார்டுக்கு மாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் என்ன வைக்கலாம்? வகுப்பை விட்டுவிட்டால் என் அதிகாரத்துக்குள் என்ன செய்யலாம்? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

இரவுப்பறவை

அக்கா, வகுப்பைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். நான் பிரேக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

பன்னிரண்டு மணி நேர டியூட்டியில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட முடியாதவரிடம் மூச்சுப்பயிற்சி பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. பல ஐசியுக்களில் பிரேக் ரோஸ்டரில் மட்டும்தான் இருக்கும். நடைமுறையில், "என் பேஷண்டையும் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று பக்கத்துக் கட்டில் நர்ஸிடம் சொல்லிவிட்டுப் போவோம். அவருக்கு ஏற்கெனவே இரண்டு பேர். பிபியைத் தாங்கிப்பிடிக்கும் நோர்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் எப்போது தீரும் என்று அவருக்குத் தெரியாது. அதனால் போனவர் மனசு கட்டிலிலேயே இருக்கும், அலாரம் கேட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடி வருவார்.

நாங்கள் இதை மாற்றினோம். ஷிஃப்ட் தொடங்கும்போதே யார் பிரேக்குக்குப் போனால் யார் அவர் இடத்தில் ரிலீவராக நிற்பது என்று பலகையில் எழுதிவிடுவோம். பிரேக்குக்குப் போகுமுன் கட்டில் பக்கத்தில் நின்று சின்ன ஹேண்ட்ஓவர் கொடுப்போம்: எந்த மருந்து பம்ப் முதலில் தீரும், பிபி எந்த அளவுக்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும், குடும்பத்தில் யார் வெளியே இருக்கிறார்கள். ரொம்ப நேரம் ஆகாது. திரும்பி வரும்வரை நோயாளி ரிலீவரின் பொறுப்பு, போனவரை யாரும் கூப்பிடக் கூடாது. இன்சார்ஜே சில நேரம் ரிலீவராக நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள்.

பாடம்_எடுப்பவர்

நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வகுப்பே வீண் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். எந்த மாதிரி வகுப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிரான்ஸில் எட்டு ஐசியுக்களில் 198 நர்ஸ்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள் பயிற்சி. பாடம் கொஞ்சம் இருந்தது. அதோடு ஐசியுவில் வரும் சிக்கலான நிலைமைகளை அப்படியே உருவாக்கி, அதில் இறங்கி வேலை செய்யவைத்து, முடிந்ததும் உட்கார்ந்து அலசினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 13 சதவீதம் பேரிடமும் பெறாதவர்களில் 67 சதவீதம் பேரிடமும் கடுமையான பணி அழுத்தம் இருந்தது. வேலைக்கு வராமல் போவதும் வேலையை விட்டுப் போவதும்கூடக் குறைந்தன.

இதில் எனக்குப் பிடித்தது, மனசைப் பற்றிய சொற்பொழிவாக அந்தப் பயிற்சி இல்லை என்பது. வென்டிலேட்டர் திடீரென்று ஹை பிரஷர் அலாரம் அடிக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் சாச்சுரேஷன் இறங்குகிறது, டாக்டர் வேறு கட்டிலில் இருக்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருந்தால் பயத்தில் பாதி போய்விடும். புதிதாக வருபவர்களின் மனஅழுத்தத்தில் பெரும் பகுதி "எனக்குத் தெரியாமல் ஏதாவது ஆகிவிடுமோ" என்கிற பயம்தான். அதற்கு மருந்து திறமை. அறிவுரையால் அது தீராது.

அமெரிக்காவில் மெரிடித் மீலர் என்ற ஆய்வாளர் ஐசியு நர்ஸ்களுக்கென்றே பன்னிரண்டு வாரத் திட்டம் ஒன்றை வகுத்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு நாள் வகுப்பில் தொடங்கி, அனுபவங்களை எழுதுவது, தியானம், உடற்பயிற்சி, கஷ்டமான சம்பவம் நடந்தால் கவுன்சலரோடு பேசுவது என்று தொடர்ந்து போகும். சின்ன ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் டியூட்டி பார்த்துக்கொண்டே நர்ஸ்களால் இதைச் செய்ய முடியும் என்று காட்டியது. அங்கே பன்னிரண்டு வாரம், பிரான்ஸில் ஐந்து முழு நாள். உங்கள் நிர்வாகத்திடம் இந்த இரண்டு கணக்கையும் காட்டுங்கள்.

புதுசு

நான் ஐசியுவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் என் நோயாளிக்கு சிபிஆர் செய்தோம், நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தும் உயிர் திரும்பி வரவில்லை. டியூப் எல்லாம் எடுத்து, உடம்பைத் துடைத்து, துணி சுற்றி அனுப்பினேன். கட்டிலைத் துடைத்து ஈரம்கூடக் காயவில்லை, எமர்ஜென்சியிலிருந்து அடுத்தவர் வந்துவிட்டார். அதே கட்டில், அதே மானிட்டர். புதியவரின் மனைவி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் போனால் குளிக்கும்போதுகூட அலாரம் கேட்கிறது. கூட இருக்கிற சீனியர்கள் எல்லாரும் சாதாரணமாக இருக்கிறார்கள். நான்தான் இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டேனா?

இரவுப்பறவை

தங்கச்சி, முதலில் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில்: இல்லை. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனது, முந்தைய குடும்பத்தின் முகம் உன்னிடம் இன்னும் இருந்ததால். நீ நல்ல நர்ஸ் என்பதற்கு எனக்கு அதுவே போதும். சீனியர்கள் சாதாரணமாக இருப்பதாகத் தெரிகிறதே, அவர்களில் ஒருவரிடம் "உங்களுக்கு மறக்க முடியாத பேஷண்ட் யார்?" என்று கேட்டுப் பார். கட்டில் எண்ணோடு சொல்வார்கள்.

வீட்டில் அலாரம் கேட்பது ஐசியுவில் நிறைய பேருக்கு நடப்பது. எனக்கும் இருந்தது. அலாரத்தை வார்டிலேயே குறைக்க வழி இருக்கிறது. ஷிஃப்ட் தொடங்கும்போது அலாரம் லிமிட்டை அந்த நோயாளிக்கு ஏற்ற மாதிரி, உங்கள் வார்டு விதிப்படி, டாக்டரிடம் கேட்டு மாற்றிவை. நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி எலக்ட்ரோடை தினமும் மாற்று. பொய் அலாரத்தில் பாதிக்குக் காரணம் காய்ந்துபோன எலக்ட்ரோடும் விரலிலிருந்து நழுவிய ஆக்சிஜன் புரோபும்தான் என்பது என் அனுபவம்.

அப்புறம் அந்தக் கட்டில். ஜோனதன் பார்டெல்ஸ் என்று ஒரு நர்ஸ், அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் எமர்ஜென்சியில் வேலை பார்த்தவர். நோயாளி இறந்ததும் எல்லாரும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கலைவதைப் பார்த்து, ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். இறந்த நேரத்தைக் குறித்து அறிவித்ததும் யாராவது ஒருவர், "போகுமுன் கொஞ்ச நேரம் நிற்போம்" என்பார். இவரும் ஒரு குடும்பத்தின் ஆள், இவரைக் காப்பாற்ற நாம் எல்லாரும் உழைத்தோம் என்ற மாதிரி ஒரு வரி. அதன்பின் ஒரு நிமிடம்கூட ஆகாத மௌனம். பிரார்த்தனை கிடையாது, எந்த மதமும் கிடையாது. இது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நாங்களும் செய்கிறோம். சிபிஆர் செய்தவர், மருந்து எடுத்துக் கொடுத்தவர், கட்டிலைத் தள்ளி வந்த ஊழியர், எல்லாரும் நிற்பார்கள். அடுத்த நோயாளி வருவது வரத்தான் செய்யும். ஆனால் முந்தையவர் முடிந்துபோனார் என்பது மனசுக்குள் பதிய அந்த நேரம் உதவுகிறது.

தீவிர_சிகிச்சை_டாக்டர்

இன்சார்ஜ் சிஸ்டர் முதலில் எழுதியதற்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் சொல்வது வெறும் களைப்பு இல்லை. செய்ய வேண்டிய சரியான காரியம் எது என்று தெரிந்தும், அமைப்பு அதைச் செய்ய விடாதபோது வரும் வேதனையை அறவேதனை என்கிறார்கள். ஆண்ட்ரூ ஜேமட்டன் என்ற தத்துவ அறிஞர் 1984-இல், நர்ஸ்களை மனத்தில் வைத்துத்தான் இதை முதலில் வரையறுத்தார். இதற்கு ஓய்வு மட்டும் கொடுத்தால் தீராது. ஒரு வாரம் லீவு எடுத்துத் திரும்பி வந்தாலும் அதே நோயாளி அதே நிலையில் படுத்திருப்பார்.

இதைத் தீர்ப்பதில் பாதி டாக்டர்கள் கையில் இருக்கிறது. எங்கள் யூனிட்டில் குடும்பத்தோடு நிலைமை பேசும் கூட்டத்தில் கட்டில் நர்ஸ் இல்லாமல் நான் பேசுவதில்லை. அதற்குமுன் நர்ஸிடம் தனியாகக் கேட்பேன்: "நேற்று ராத்திரி எப்படி இருந்தார்? குடும்பம் உங்களிடம் என்ன கேட்டது?" எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று பெரும்பாலும் அதில் இருக்கும். இனி எதை நோக்கிப் போகிறோம் என்பதைக் கூட்டம் முடிந்ததும் கேஸ் ஷீட்டில் ஒரே பத்தியில் எழுதிவைப்போம். அடுத்த ஷிஃப்ட் டாக்டரும் அதையே சொல்ல வேண்டும். குடும்பத்துக்கு இரண்டு விதமான பதில் போவது இதனால் பெருமளவு நின்றது.

எல்லா முடிவும் நர்ஸ் விரும்புகிறபடி வராது. குடும்பம் சிகிச்சையைத் தொடரச் சொல்லலாம். ஆனாலும் ஏன் தொடர்கிறோம், எதுவரை தொடர்வோம் என்று தெரிந்து செய்கிறபோது, கட்டில் பக்கத்தில் நிற்பவரின் பாரம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

கணக்கைப்_பாருங்கள்

இதுவரை படித்ததில் ஆள் பலம் பற்றி யாரும் பேசவில்லை. அது பேசாமல் மனவலிமை பேசுவது நர்ஸ் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

2002-இல் லிண்டா ஐக்கனும் குழுவினரும் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளின் விவரங்களை எடுத்து வெளியிட்ட ஆய்வு பிரபலம். அது அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பற்றியது. ஒரு நர்ஸ் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினால் 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸ் மனம் தீய்ந்துபோகும், அதாவது பர்ன்அவுட் ஆகும், வாய்ப்பு 23 சதவீதமும் கூடுவதாகக் கண்டார்கள். அது பொது வார்டுக் கணக்கு. ஐசியுவில் ஒருவரைக் கூட்டினால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் ஐசியுவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் பர்ன்அவுட்டை வேலையோடு சேர்ந்த நிகழ்வு என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தால் வருவது என்று அதிலேயே இருக்கிறது. அப்படியிருக்க, மாற வேண்டியது நர்ஸ் மட்டும்தானா?

இன்சார்ஜ் அவர்களே, வகுப்புக்கான பட்டியலோடு ஒவ்வொரு ஷிஃப்டிலும் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள், யாருக்கு பிரேக் கிடைக்கவில்லை, யார் கூடுதல் நேரம் இருந்தார்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்னால் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவார்கள். எண்ணாகக் கொடுத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பாடம்_எடுப்பவர்

கணக்கைப்_பாருங்கள் சொன்னதை முழுசாக ஏற்கிறேன். ஆனால் ஆள் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "புதுசு" போன்றவர்கள் இன்று இரவும் டியூட்டிக்குப் போகிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன், பல இடங்களில் நல்லது என்று நினைத்தே இதைச் செய்கிறார்கள். மோசமான சம்பவம் நடந்ததும் எல்லாரையும் கூட்டி, கட்டாயமாக ஒவ்வொருவரையும் என்ன பார்த்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று பேசவைப்பது. இப்படி ஒரே அமர்வில் நடத்தும் உளவியல் டீபிரீஃபிங் பிற்பாடு வரும் மனவடுவைத் தடுப்பதில்லை என்று பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2002-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு சொன்னது. சிலருக்கு நிலைமை மோசமாகவும் வாய்ப்புண்டு. பேச விரும்பாதவரைப் பேசவைக்காதீர்கள். "சாப்பிட்டாயா, வீட்டுக்கு யார் கூட்டிப் போகிறார்கள், நாளைக்குக் கூப்பிடட்டுமா" என்று கேட்டால் போதும். சொன்னபடி மறுநாள் கூப்பிடவும் வேண்டும்.

சிபிஆர் முடிந்ததும் வேலையைப் பற்றி மட்டும் பேசும் சின்னக் கூட்டம் வேறு வகை. எது நன்றாக நடந்தது, அவசர மருந்துகளும் கருவிகளும் வைக்கும் க்ராஷ் கார்ட்டில் எது இல்லை, அடுத்த முறை யார் எங்கே நிற்பது என்று பேசுவது. அதை நடத்துங்கள். தாங்கள் செய்தது சரிதான் என்று பலருக்குத் தெரியவருவதே அங்கேதான்.

குட்டிகள்_ஐசியு

குழந்தைகள் ஐசியுவில் இருக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும்.

ஒன்று, யாருக்கு எந்த நோயாளி என்று பிரிப்பது. கஷ்டமான குழந்தையை "அவளுக்குத்தான் அந்த அம்மாவைச் சமாளிக்கத் தெரியும்" என்று ஒரே நர்ஸுக்கே தினமும் கொடுப்போம். கொடுப்பவர்களுக்கு வசதி, அந்த நர்ஸுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் போகும். குடும்பத்துக்குப் பழகிய முகம் வேண்டும் என்பதும் உண்மை. அதனால் நான்கைந்து பேர் கொண்ட குழுவுக்குள் மாற்றி மாற்றிக் கொடுக்கிறோம். இன்றைக்கு முடியாது என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்பதில்லை.

இரண்டாவது, பிழைத்தவர்களைப் பார்ப்பது. ஐசியு நர்ஸ் மோசமான நிலையில் இருக்கும்போது மட்டுமே நோயாளியைப் பார்க்கிறார். கொஞ்சம் தேறினால் வார்டுக்கு மாற்றிவிடுவோம், நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்ப்பதே இல்லை. நாங்கள் செய்ததெல்லாம் வீண் என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு முறை வந்து தலைகாட்டச் சொல்லிக் குடும்பங்களிடம் கேட்கிறோம், விருப்பமுள்ளவர்கள் வருகிறார்கள். மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டுப் போட்ட டிராக்கியாஸ்டமி டியூபோடு கிடந்த பிள்ளை, கழுத்தில் ஒரு சின்னத் தழும்போடு வந்து கதவருகே நின்று கையாட்டினால் அந்த ஷிஃப்டே வேறு மாதிரி ஆகிவிடும். ஸ்காண்டிநேவிய நாடுகளில் தொடங்கிய ஐசியு டைரி வழக்கமும் இதற்கு உதவும். நோயாளி மயக்கத்தில் இருந்த நாள்களில் என்ன நடந்தது என்று நர்ஸும் குடும்பமும் எழுதிவைத்துப் பிறகு அவரிடம் கொடுப்பது. அது நோயாளிக்காகச் செய்வது. ஆனால் "இன்று முதல் முறையாக நீங்கள் என் விரலைப் பிடித்தீர்கள்" என்று எழுதும்போது எழுதுகிறவருக்கும் அவர் மனிதராகத் தெரிகிறார்.

பிழைக்காதவர்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. கனடாவின் ஹாமில்டனில் டெபரா குக் என்ற மருத்துவரின் குழு 2013-இல் மூன்று விருப்பங்கள் என்ற திட்டத்தைத் தொடங்கியது. இறக்கும் நிலையில் இருப்பவருக்காக, அவரோ குடும்பமோ நர்ஸோ சொல்லும் சின்ன விருப்பங்களை நிறைவேற்றுவது. பிடித்த பாட்டைப் போடுவது, கைரேகை எடுத்துக் கொடுப்பது போன்றவை. செலவு அதிகம் இல்லை. செய்வதற்கு இனி எதுவும் இல்லை என்கிற நேரத்தில் நர்ஸுக்குச் செய்ய ஒன்று கிடைக்கிறது.

விட்டு_வந்தவர்

ஐசியுவில் நீண்ட காலம் இருந்துவிட்டு இப்போது டயாலிசிஸ் யூனிட்டுக்கு மாறிவிட்டேன். மாற்றம் கேட்ட அந்த இரண்டு நர்ஸ்களுக்காக எழுதுகிறேன்.

அவர்களைத் தடுக்காதீர்கள். மனவலிமை இல்லாததால் போகிறார்கள் என்று யாரையும் பேசவும் விடாதீர்கள். என்னைக் கடைசிவரை பிடித்துவைக்கப் பார்த்தார்கள், நீ போனால் வார்டு என்ன ஆகும் என்றார்கள். அந்தப் பேச்சால் உதவி தேடுவதைத் தள்ளிப்போட்டேன். அதே சம்பவம் கனவில் திரும்பத் திரும்ப வருவது, அந்தக் கட்டில் பக்கம் போகவே உடம்பு மறுப்பது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடுவது, இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மனவடுவுக்கென்றே நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன, எனக்குப் பலன் தந்தது. உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே யாரிடமாவது சொல்லி உதவிக்குப் போங்கள்.

நைட் பற்றியும் ஒன்று. தொடர் நைட் முடிந்த கையோடு மறுநாள் பகல் டியூட்டி போடும் ரோஸ்டரை எந்தப் பயிற்சியாலும் ஈடுகட்ட முடியாது. ரோஸ்டர் உங்கள் கையில் இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள், அக்கா.

புதுசு

இரவுப்பறவை அக்கா சொன்னபடி எங்கள் சீனியர் ஒருவரிடம் கேட்டேன். கட்டில் எண்ணோடுதான் சொன்னார். ரொம்ப நேரம் பேசினோம். இனி ஒரு மாதம் அவரோடு சேர்த்தே எனக்கு ஷிஃப்ட் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்கள்.

ஐசியு_இன்சார்ஜ்

எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். நிர்வாகத்துக்கு எழுதியாகிவிட்டது. ஒரு நாள் வகுப்புக்குப் பதிலாக, எங்கள் வார்டிலேயே காலியான கட்டிலில் வைத்து நடத்தும் பயிற்சியாகப் பல நாள்களுக்குப் பிரித்துக் கேட்டிருக்கிறேன், அந்த நேரம் டியூட்டி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. பிரேக் கிடைக்காத ஷிஃப்ட்களின் பட்டியலும் கூடவே போகிறது. மாற்றம் கேட்ட இருவரில் ஒருவருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னொருவர் யோசிக்க நேரம் கேட்டிருக்கிறார், கொடுத்திருக்கிறேன்.

மௌனமாக நிற்கும் வழக்கத்தை இந்த வாரமே தொடங்கலாம் என்றிருக்கிறோம். ஒரு சந்தேகம்: அந்த நேரத்தில் குடும்பத்தினர் கட்டில் பக்கத்திலேயே இருந்தால்? அவர்களை வெளியே அனுப்பிவிட்டுச் செய்வதா?

இரவுப்பறவை

அனுப்ப வேண்டாம் அக்கா. அவர்களிடம் தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை கேளுங்கள்: "நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் இவருக்காக நிற்கலாமா? நீங்களும் நிற்கிறீர்களா?" வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், பிற்பாடு நர்சிங் ஸ்டேஷன் பக்கம் வந்து நின்றுகொள்ளலாம். அவர்கள் கதறி அழுதுகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம், ஒருவர் அவர்களோடு இருக்கட்டும். நோயாளியின் பெயரை முன்பே சரியாகக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், கட்டில் எண்ணைச் சொல்லிவிடக் கூடாது. அலாரத்தை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பாதியில் மானிட்டர் கத்தும்.